ஊறிய விதை

தைப்பூசம் முடிந்த செவ்வாய்க்கிழமை
பாத்தி கட்டத் தொடங்கினோம்.
சிங்காரத்தின் மொட்டையில் சந்தனம் உதிர்ந்து
வெறும் தலை.
துண்டு கட்டிக்கோ என்றால் கேட்கிற ஆளா?
பத்து மணிக்குள் தக்காளி.

சுங்கை மெராந்தியில்
செம்பனை ஆலைக்குப் பின்னால்
பெரிய மின்கம்பி போகிற தடத்துக்குக் கீழே
எங்கள் நாற்பத்திரண்டு பாத்தி.
எங்கள் என்பது வாய்ப்பழக்கம்.
வருஷத்துக்கு ஒரு ரசீது, அவ்வளவுதான்.
உயரமாய் எதுவும் வளரக்கூடாதென்று
தோட்டத்துக் கம்பெனி வேண்டாமென விட்ட மண்.
வெண்டிக்கு அந்த உயரம் போதும்.
தூறல் விழுந்தால் கம்பி உர்ரென்னும்.
புதிதாய் வருகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள்;
எங்களுக்கு அது பக்கத்து வீட்டு மின்விசிறி.

கோழிச்சாணி லாரி முப்பது மூட்டை இறக்கியது.
சாணி அள்ளிய நாளில் டவுன் பஸ்ஸில்
பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை.
பெரிய வசதி.
காலை நீட்டிக்கொண்டு வரலாம்.

ரொபிகுல் குழி போட்டால் நூல் பிடித்த மாதிரி.
சட்டைப்பைக்குள் கைபேசி,
அதற்குள் அவன் மகள்.
ஏக், துய், தீன் என்று அவள் சொல்லச் சொல்ல
எண்ணுக்கு ஒரு குழி.
இருபதுக்கு மேல் அவளுக்குத் தெரியாது.
எங்கள் பயத்தங்காய்ப் பாத்தியில்
இருபத்தோராவது குழி எப்போதும்
ஒன்றாம் குழி.

அன்றைக்குச் சாயங்காலம்
மோட்டாரில் ஒருவர் வந்தார்.
கோபுரத்தின் காலில் தாளை ஒட்டினார்.
ஒட்டுநாடா ஈரத்தில் பிடிக்கவில்லை,
என்னிடம்தான் துணி கேட்டுத் துடைத்தார்.
நல்ல மனுஷன். இரண்டு வெள்ளரிக்காய் கொடுத்தேன்.
பிறகு படித்தேன்.
மூன்றாம் படிவம் வரை போனவள், மலாய் தெரியும்.
தீகா பூலு ஹாரி.
முப்பது நாள்.
காரணம் என்ற இடத்தில்
ஒரு கோப்பு எண்.

இரவு சாப்பிட்டுக்கொண்டே கணக்குப் போட்டோம்.
வெண்டி நாற்பத்தைந்து.
பாகல் அறுபதுக்குப் பக்கம்.
பயத்தங்காய் ஐம்பது.
சாவி முப்பது, வெயில் ஒத்துழைத்தால்.
கீரை மட்டும் இருபத்தைந்து.
"கீரையே தெளிச்சிடுவோம்," என்றார்.
தலையைத் தடவிக்கொண்டார்; தோல் உரியத் தொடங்கியிருந்தது.
கட்சி ஆபீசில் ஒருத்தரைத் தெரியும் என்றார்.
போன தடவையும் அவரைத் தெரிந்துதான் இருந்தது.

மறுநாள் தவுக்கே ஹெங் தராசோடு வந்தவன்
தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
வெண்டிக்குக் கிலோவுக்கு இருபது காசு கூட்டிக் கொடுத்தான்.
ஒன்றும் பேசவில்லை.
கூடைகளைத் திருப்பிக் கேட்கவுமில்லை.

முப்பத்தாறு பாத்திக்குக் கீரை.
மணலில் கலந்து விசிற,
காற்று கொஞ்சத்தை
செம்பனைப் பக்கம் கொண்டுபோனது.
அங்கே அதற்கு நோட்டீஸ் இல்லை.

ஆனால் குளியலறை வாளியில்
பயத்தங்காய் விதை ஊறிக்கொண்டிருந்தது.
திங்கட்கிழமை இரவே நான் போட்டது.
மறந்தே போனேன்.
உப்பி, தோல் வெடித்து
வெள்ளையாய் மூக்கு நீட்டியிருந்தது.
ஊறிய விதையைத்
திரும்பப் பாக்கெட்டில் போட முடியாது.
காயவைத்தால் செத்துவிடும்.
வறுத்தால் தின்னலாம் என்றார் சிங்காரம்,
சிரிக்கத்தான் சொன்னார்.
நான் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

மிச்சம் ஆறு பாத்தி.
குழி போட்டபடியே இருந்தது, குச்சியும் நட்டபடியே.
ரொபிகுல் கேள்வி கேட்கவில்லை,
முன்னால் போய்க் குழிகளைக் கிளறிவிட்டான்.
சட்டைப்பையிலிருந்து எண்கள் வந்துகொண்டிருந்தன.
பதினெட்டு, பத்தொன்பது, இருபது.
கொஞ்சம் சத்தமில்லை.
தொடர்பு போய்விட்டது என்று நினைத்தேன்.
பிறகு அவள்,
"ஏகுஷ்."

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.
ஆலைச் சங்கு ஊதியது.
சிங்காரம் யாரும் சொல்லாமலே
துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டார்.
வழக்கமாகக் குழிக்கு இரண்டு விதை.
அந்தக் குழிக்கு மூன்று போட்டேன்.