ரொட்டி மூன்று, கயிறு ஒன்று

டுலூத் நகரில் இன்று பள்ளிகளுக்கு விடுமுறை.
இரவெல்லாம் நான் வாரி ஒதுக்கியும்
தீராத பனி.
லாரியை டிப்போவில் விட்டு வந்து
பூட்ஸைக் கழற்றினால்
சமையலறை மேஜையில் மூன்று பேர்:
என் மகள் சிக்னி,
எதிர்வீட்டு மைகூ,
அவள் தம்பி கோங் மெங், முன்பல் இரண்டும் இல்லாதவன்.
"இன்னிக்குக் கட்டாயம்னு சொன்னியேப்பா."
சொன்னேன்தான்.
போன மாதம், நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு நாளில்.

காப்பி சூடாகும் நேரத்தில் விதிகளைச் சொன்னேன்.
நான்தான் உலகம். நீங்கள் அதற்குள் நடப்பவர்கள்.
என்ன செய்கிறாய் என்று கேட்பேன், சொல்ல வேண்டும்.
முடியுமா முடியாதா என்று வந்தால்
இருபது முகப் பகடை சொல்லும்.
"யாரு ஜெயிப்பா?" என்றான் கோங் மெங்.
யாருமில்லை என்றேன்.
மோசடிக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

மைகூ மந்திரவாதி. சிக்னி வில்லாளி.
கோங் மெங் கரடி.
"கரடியா மாறத் தெரிஞ்சவனா?"
"இல்ல. கரடி."
எழுதிக்கொண்டேன்.
ஆளுக்கொரு பை: கயிறு ஒன்று, விளக்கு ஒன்று, ரொட்டி மூன்று.
கரடிக்கும்.

மூன்று வாரமாகச் சிவப்பு விளக்குகளில் நிற்கும்போதெல்லாம்
ரூட் தாள்களின் முதுகில் வரைந்து வைத்திருந்தேன்
மலைக்குள் ஏழு அறைகள், ஏழாவதில் டிராகன்,
அதற்கொரு பழைய கோபம்.
மலையடியில் ஒரு நகரம்.
வாசலில் ஒரு காவலாளி.
அவனுக்கு ஒரே வசனம்: உள்ளே போங்கள்.

"அவன் பேரு என்ன?"
பேர் வைக்கவில்லை.
சுவர்க் காலண்டரில் டயர் கடைக்காரர் பேர் இருந்தது.
ஹால்வர், என்றேன்.
ஹால்வருக்குக் குளிராதா?
ஹால்வர் எப்போது சாப்பிடுவான்?
மூக்கு ஒழுகினால் ஈட்டியை எங்கே வைப்பான்?
ஒரு மணி நேரம் போயிற்று.
உறைக்குள் டிராகன் கிழடு தட்டிக்கொண்டிருந்தது.

பென்சில் சீவியபடி, நிமிராமல், சிக்னி கேட்டாள்:
"அவன் இங்க நிக்கறப்ப
வீட்ல யாரு இருப்பா?"

காவலாளிக்கென்று கரகரப்பாய் ஒரு குரல் வைத்திருந்தேன்.
"பக்கத்து வீட்டம்மா வந்து படுத்துக்குவாங்க.
பொண்ணு தூங்கிடுவா.
தூங்கிடுவான்னுதான் நினைக்கிறேன்."
கரகரப்பு எங்கேயோ பாதியில் போய்விட்டிருந்தது.

"எப்பவும் தூங்கறதில்ல," என்றாள் வில்லாளி.

காப்பி பொங்கி வழிந்தது. துடைத்தேன்.
மைகூதான் வழி சொன்னாள்:
"அவன வீட்டுக்கு அனுப்புவோம். கதவ நாம பாத்துக்கலாம்."
பதினைந்துக்கு மேல் விழ வேண்டும் என்றேன்.
என் குரலா, ஹால்வர் குரலா, தெரியவில்லை.

கோங் மெங் இரண்டு கையிலும் பகடையைப் பொத்தி
ஊதி
எறிந்தான்.
மேஜையைத் தாண்டி, நாற்காலிக் காலில் மோதி
அடுப்புக்கடியில் போயிற்று.

டார்ச்சோடு குப்புறப் படுத்தான்,
என் பூட்ஸ் உருக்கிய தண்ணீரில் கன்னம் பதிய.
அந்தச் சந்துக்குள் நுழைகிற தலை
எங்களில் அவனுக்கு மட்டும்தான்.
வெகுநேரம் பேச்சில்லை.
இருபது என்றிருந்தால்
யார் அடுப்பை நகர்த்திப் பார்த்திருப்பார்கள்?

"நாலு," என்றது கரடி, தரையிலிருந்து.

நாலு என்றால் நாலுதான்.
ஹால்வர் நகர மாட்டான்.
சரி, என்று மந்திரவாதி தன் விளக்கை ஏற்றி வைத்தாள்.
கரடி அவன் பாதங்களின் மேல் படுத்துக்கொண்டது.
விடியும் வரை உட்கார்ந்திருந்தார்கள்.
அதற்குப் பகடை யாரும் கேட்கவில்லை.

மாலை ஆறுக்கு டிப்போவிலிருந்து அழைப்பு.
ஏரியிலிருந்து மறுபடி காற்று.
சாவியைத் தேடும்போது மேஜையில் அவள் தாள்.
கயிறு ஒன்று. விளக்கு ஒன்று.
ரொட்டியில் மூன்றை அழித்து இரண்டு,
ரப்பர்த் துகள்கள் இன்னும் அதன்மேல்.
எப்போது கொடுத்தாள்? எங்களிடம் சொல்லவில்லை,
என்னிடமும் ஹால்வரிடமும்.

பகடை அடுப்புக்கடியிலேயே கிடக்கிறது.
நான் குனிந்து பார்க்கவில்லை.