இருநூற்றுப் பதினேழு நாள்

ஐஸ் பார் உடைக்கிற கடப்பாரையைச் சாய்த்துவிட்டுக்
கையெழுத்துப் போட்டேன்.
காகிதம் நனைந்ததென்று ஏட்டு திட்டினார்.
"கவர்மெண்ட்டு உம்மேல அப்பீல் போட்டுகீதுபா."

மேல்முறையீட்டாளர்: அரசு.
எதிர்மனுதாரர்: மு. தேசப்பன், வயது 41, காசிமேடு.

செஷன்ஸ் கோர்ட்டில் எனக்குக் கிடைத்தது
சந்தேகத்தின் பலன்.
அதைச் சொல்லித்தான் மகளுக்கு வரன் பார்த்தோம்.
அன்றிரவு ஏலக்கொட்டகையில் விளக்கில்லை.
சாட்சிக்குத் தெரியாதது எனக்குத் தெரியும் என்று
எல்லோரும் நினைக்கிறார்கள்.

வக்கீல் அம்மா வாசித்துச் சொன்னார்:
அப்பீல் இன்னும் உள்ளே வரவில்லை, வாசலில் நிற்கிறது.
முதலில் தாமதத்தை மன்னிக்க வேண்டும்,
பிறகு அனுமதி தர வேண்டும்,
அதற்கப்புறம்தான் நீ.
கோப்பு மேசை மேசையாய் நகர்ந்ததில்
இருநூற்றுப் பதினேழு நாள் தாமதம்.
மன்னிக்கும்படி
பணிவுடன் பிரார்த்திக்கிறது அரசு.

அரசு கும்பிட்டு நான் பார்த்ததில்லை.
விடிகாலை மூன்றரைக்குப் பத்து நிமிஷம் பிந்தினால்
மேஸ்திரி அரைநாள் கூலி பிடிப்பார்.
அவரிடம் நீட்ட இப்படியொரு மனு
எனக்குத் தோன்றியதே இல்லை.

ஹைகோர்ட்டில் இரண்டு நீதிபதிகள்.
ஒருவர் புரட்டினார், ஒருவர் கேட்டார்.
எல்லாம் இங்கிலீஷ்.
எனக்குப் பிடிபட்டது இரண்டு சொல்:
டிலே. டவுட்.
நாலு நிமிஷத்தில் வேறு யாரோ ஒருவரின் கட்டை அவிழ்த்தார்கள்.

வெளியே சிவப்புச் சுவரோரம்
செத்த சொர்ணவேலுவின் தங்கை.
மீன்கூடை இல்லாமல் செண்பகவல்லியை
இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.
அவளுக்காகத்தான் அரசு இத்தனை தூரம் வந்திருக்கிறது.
அவளுக்கு ஒரு காகிதமும் வரவில்லை;
மார்க்கெட்டில் காதில் விழுந்து
வந்திருக்கிறாள்.

ஆறு வருஷம் பேசாதவள்
பழைய கலங்கரை விளக்கைப் பார்த்தபடி கேட்டாள்:
"உள்ள இன்னா சொன்னாங்க?"

"வாய்தா. அடுத்த மாசம் பத்தொம்போது."

"மன்னிச்சுட்டாங்களா?"

"லேட்டா வந்ததையா?" என்றேன்.

அவள் பதில் சொல்லவில்லை.
பாரிமுனையில் ஒரே ஒரு ஷேர் ஆட்டோ நின்றது.
அவள் டிரைவர் பக்கத்தில்,
நான் பின்னால், யாருடைய அரிசி மூட்டைக்கோ மேல் காலை வைத்து.
ராயபுரம் பாலத்தில் காற்று உப்பாய் வந்தது.
கல்மண்டபத்தில் இறங்கித்
தன் இருபது ரூபாயைத் தனியே எண்ணிக் கொடுத்தாள்.
நாலடி போனவள் திரும்பி வந்து
தேதியை மறுபடி கேட்டாள்.