பதினாலாம் எண் போத்தல்கள்

முழங்கை வரைக்கும் கழுவ வேண்டும்.
தலையில் பூ கூடாது, நெற்றியில் திருநீறு கூடாது,
இருமல் இருந்தால் ரொஹாயா அக்காவிடம் சொல்லிவிட வேண்டும்.
சொன்னால் அன்றைய சம்பளம் இல்லை.
அதனால் பீடோரில் யாருக்கும் இருமல் வருவதில்லை.

வடிகட்டிய காற்று முகத்தில் வீசுகிற மேசை.
ஸ்பிரிட் விளக்கில் கத்தியைக் காட்டி, ஆறவிட்டு,
அந்தூரியத் தளிரை அரிசியளவு நறுக்குகிறேன்.
சர்க்கரை கலந்த அகார் கூழில்
போத்தலுக்கு ஐந்து. மூடி. தேதி. என் எண் 14.
நாளைக்கு நூற்று அறுபது.
செம்பனை லோரி மேடேறும்போது
ரேக் முழுக்கக் கண்ணாடிக்குப் பல் கிட்டும்.

ஒரே தாய்ச்செடி, வருஷத்துக்கு நாலாயிரம்.
ஒன்றுக்கு வந்தது அத்தனைக்கும் வரும் என்பார் முதலாளி சியா.
பூவைத்தான் சொன்னார்.

மார்ச்சில் என் போத்தல்கள் பாலாய்க் கலங்கின.
முந்நூற்றுப் பன்னிரண்டு.
ஒன்றுக்கு முப்பது காசு பிடித்தம்.
நீ மூச்சு விட்டிருப்பாய் என்றாள் தயாளினி.
விட்டேன்தான்.
அன்றிரவு நகக்கண்ணெல்லாம் பிரஷ் போட்டுத் தேய்த்தேன்,
சோற்றில் குளோரோக்ஸ் மணத்தது.

வேகவைத்துக் கொட்டுமுன்
ஒரு போத்தலைக் குழல்விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தேன்.
கையிலிருந்து விழுந்த அழுக்கென்றால் மேலே முளைக்கும்,
பஞ்சு பஞ்சாய், கூழில் கண்ட இடத்தில்.
இது அப்படியில்லை.
ஐந்து தளிருக்கும் அடியில்,
வெட்டுவாயிலிருந்து கசிந்து
புகைபோல் படர்ந்திருந்தது வெள்ளை.

சொன்னேன். எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த மாதம் ஒன்பதாம் எண்ணுக்கு வந்தது,
இருபத்தொன்றுக்கு வந்தது,
அதே பால், அதே அடியில்.
அப்புறம்தான் தாய்ச்செடியின் இலை ஒன்றை
கோலாலம்பூருக்கு அனுப்பினார்கள்.

அது ஆபீஸ் வாசலில் பீங்கான் தொட்டியில் நின்றது.
ஏழு பூ, மெழுகு பூசிய சிவப்பு,
இலையில் ஒரு புள்ளி கிடையாது.
வாங்க வருகிறவர்கள் அதோடு நின்று படமெடுப்பார்கள்.
நோயை உள்ளே வைத்துக்கொண்டே
எல்லாப் படத்திலும் அழகாய் நின்றிருக்கிறது.

ஒன்பதுக்கும் இருபத்தொன்றுக்கும் பிடித்தம் இல்லை.
உன்னுடையது போன மாதக் கணக்கு,
மூடியாயிற்று என்றார் கிராணி.

செடியை எரிக்கச் சொன்னது என்னிடம்.
கையுறை எடுக்கப் போனேன்.
இனி எதற்கு என்றார் ரொஹாயா அக்கா.
மூன்று வருஷமாய் வெட்டிய செடியை
அன்றுதான் வெறுங்கையால் தொட்டேன்.
தண்டில் சின்னச் சின்ன முடிச்சு,
எல்லாம் கத்தி பட்ட இடம்.

ஆறு பூ எரிந்தது. ஈரம், ரொம்ப நேரம் எடுத்தது.

அந்தூரியம் தலையில் வைக்கிற பூ இல்லை,
காம்பு முரடு, வாசமும் கிடையாது.
ஊக்கில் குத்திக்கொண்டு
தீம்பார் பஸ்ஸில் நின்றபடி வந்தேன்.
பின்சீட்டுப் பிள்ளை என்ன பூ அக்கா என்றது.

தொண்ணூற்று மூன்று வெள்ளி அறுபது காசுப் பூ.