நூறு கண்ணி

ஜமாபந்தியின் மூன்றாம் நாள்
எங்கள் உள்வட்டத்தின் முறை.
நாங்குநேரியில் ஆனிக் காற்று
பந்தலைத் தூக்கித் தூக்கிப் போட,
அடங்கல் மேல் ஒரு கல்,
சிட்டா மேல் ஒரு கல்,
மனுக்கட்டின் மேல்
ஏதோ ஜீப்பின் பழைய பல்சக்கரம்.

கீழவன்னிகுளத்துக் கணக்கு என்னுடையது,
எட்டு மாதமாய்.
முன்பிருந்தவர் மாற்றலாகிப் போகையில்
ஒரு சாவிக்கொத்தும் ஒரு பெயரும்
தந்துவிட்டுப் போனார்.
பேராச்சி.
"வருவா. வாங்கி வச்சுக்கிடுங்க."

வந்தாள்.
சர்வே எண் இருநூற்றுப் பதினாலு, உட்பிரிவு மூன்று பி,
நாற்பத்திரண்டு சென்ட் புஞ்சை.
உளுந்து, சில வருசம் எள்,
பல வருசம் அடங்கலில் 'தரிசு'.
வடக்கு வரப்பு நகர்ந்து வருகிறது என்பது மனு.
வரப்பு எங்கேயாவது நடக்குமா என்று
சிரித்த சர்வேயரிடம்
"ஆளு தூக்கிட்டு வந்தா நடக்கும்லா" என்றாளாம்.

ஆறு முறை அளந்திருந்தார்கள்.
ஆறு முறையும் நாற்பத்திரண்டு.
ஏழாவதற்கு நானும் நின்றேன்.
சர்வேயரின் டேப் அறுந்து கிடந்ததால்
வழக்கம்போல் ஊர்ச் சங்கிலி.
ஒரு முனை மாசானத்தின் கையில்,
மறுமுனை சர்வேயர் கையில்.
வடக்கு வரப்புக்காரர்
எல்லாருக்கும் நன்னாரி சர்பத் வரவழைத்தார்.
நானும் குடித்தேன்.
நாற்பத்திரண்டு.
'அளந்து பார்த்ததில் பரப்பு சரியாக உள்ளது.'
எழுத்தும் என்னுடையது, கையெழுத்தும்.
அவள் மட்டும்
குதியும் விரலும் முட்ட முட்ட
வரப்போரம் எண்ணிக்கொண்டே போனாள்.

தீர்வாய அலுவலர்கள் எப்போதும்
"சங்கிலி இருக்கா?" என்பார்கள்.
"இருக்கு சார்."
ஒரு டிக்.
இந்த வருசத்து ஆள் புதிது.
நாற்காலியை விட்டு இறங்கி வந்து
"விரிங்க" என்றார்.

மண்ணில் குந்தி எண்ணினார்.
வெற்றிலைக் கடைக்காரர்கூட எட்டிப் பார்த்தார்.
தொண்ணூற்றெட்டு.
மறுபடி, மறுமுனையிலிருந்து.
தொண்ணூற்றெட்டு.

குட்டைச் சங்கிலி
நிலத்தைப் பெரிதாகச் சொல்லும்.
இறப்புச் சான்று படிவத்தின் பின்பக்கம்
பெருக்கி வகுத்துப் பார்த்தேன்.
நாற்பதே கால், கொஞ்சம் மேலே.
ஒன்றரை சென்ட்டுக்கும் கூடுதலாய்
ஒரு நிலம்
தாளில் மட்டும் விளைந்துகொண்டிருந்திருக்கிறது.
அதே சங்கிலிதான்
சுடுகாட்டையும் அளந்தது,
கோயில் மானியத்தையும்,
அண்ணன் தம்பி நால்வருக்குப் பிரித்த தோட்டத்தையும்,
இரண்டு பேர் பாளையங்கோட்டை ஜெயிலுக்குப் போன
அந்தக் கிணற்றடியையும்.

பச்சை மசியில் எழுதினார்.
'சங்கிலி பழுது. புதியது கோரிப் பெறவும்.'
"அடுத்த ஊர்?"

பந்தலுக்கு வெளியே மாசானத்தை நிறுத்தினேன்.
"ரெண்டு கண்ணி எங்க?"
அவர் காக்கிச் சட்டையின் பொத்தானைத் திருகினார்.
"நம்ம ஆபீசு அலமாரிக்குத்தான் மேடம்.
பெருமழை வருசம் கொண்டி போயிட்டுல்லா.
ரெக்கார்டு நனையப்பிடாதுன்னு..."

எட்டாவது மனுவோடு
ரசீது வாங்கிக்கொண்டு
பஸ்ஸுக்கு நின்றாள் பேராச்சி.
சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன்.
கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று
ஒதுங்கி நின்றே சொன்னேன்.
அவள் என்னைப் பக்கத்தில் இழுத்தாள்.
"அப்ப ஊருல எல்லாவனுக்கும் கொறையுதா?
இத வெளிய சொல்லிராத தாயி,
வெட்டிக்கிடுவானுவ.
எனக்கு வடக்குப் பக்கத்த மட்டும்
சரி பண்ணிக் குடு."

வள்ளியூர் பஸ் வந்தது.
ஏறிக்கொண்டாள்.

ஊர் திரும்பி ஆபீசைத் திறந்தபோது இருட்டிவிட்டது.
மனுவை உள்ளே வைக்க
அந்த இரண்டு கண்ணியையும் கழற்றினேன்.
துரு, கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு,
கையில் எடை என்று பெரிதாய் ஒன்றுமில்லை.
திரும்ப மாட்டவில்லை.
என் பையில்தான் கிடக்கிறது,
சில்லறையோடு.

காற்று வரும்போதெல்லாம்
அலமாரிக் கதவு திறந்து திறந்து அடிக்கிறது.
மாசானம் ஒரு செங்கல்லை அண்டக்கொடுத்திருக்கிறார்.