க்யூ நாற்பத்தொன்று

மேலிருந்து பார்ப்பவள் நான்.
கிளிஃப் ராஸ்ட்ரிக்கின் உச்சந்தலையை
அவனைவிட எனக்குத்தான் நன்றாகத் தெரியும்.
உள்ளங்கை அகல வழுக்கை.
காட்சிக்கு முன் அதில் பவுடர் அப்பச் சொல்வேன்,
இல்லாவிட்டால் என் விளக்கை எனக்கே திருப்பி அடிக்கும்.

கிரிம்ஸ்பி மீன்துறையில் ஐஸ் உடைத்தவன்.
பதினேழு வயதில், விடியாத நாலு மணிக்கு,
மீன்பெட்டிகளுக்கு நடுவே
ஏலக்காரனைப் போலப் பேசிக் காட்டி
முதல் சிரிப்பை வாங்கினானாம்.
கூடவே ஏலக்காரன் கையால் ஒரு அறை.
"அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு,
சோறும் அடியும் ஒரே வாயாலதான் வரும்."

பிறகு தொழிலாளர் கிளப்புகள்.
ஸ்கன்தார்ப், கூல், டான்காஸ்டர்.
பிங்கோவுக்கும் பன்றிக்கறிப் பைக்கும் இடையில்
இருபது நிமிஷம்.
ஒருமுறை ஜோக்கின் வால் வருமுன்னே
செயலாளர் மைக்கைப் பிடுங்கி
"பை வந்தாச்சு" என்றார்.
அந்த இரவின் பெரிய சிரிப்பு அதுதான்.
மறுவாரமே அதைத் தனதாக்கிக்கொண்டான்.
இருபத்தாறு வருஷம்
அந்த ஒரு பை அவன் வயிற்றை நிரப்பியது.

ஒரு நோட்டு வைத்திருந்தான்.
ஊர், பணம், போட்டிருந்த ஷூ, எத்தனை சிரிப்பு.
ஒருவரும் சிரிக்காத இரவுக்கு ஒரு சிலுவை.
செத்துப்போனேன் என்பார்கள் அவர்கள் பாஷையில்.
பார்ன்ஸ்லியில் மட்டும் மூன்று முறை அடக்கம்,
மூன்றும் பழுப்பு ஷூவில்.

கிளப்புகள் கார்ப்பெட் கடைகளாக மாறிய வருஷம்
எங்கள் சின்னத் தியேட்டருக்கு வந்தான், ஐம்பத்தெட்டு வயதில்.
கடலுக்குப் போன மகனுக்குக் காத்திருக்கும் தகப்பன் வேஷம்.
கோட்டைக் கழற்றி மாட்டினான், சிரித்தார்கள்.
"ரொட்டி இருக்கா" என்றான், சிரித்தார்கள்.
இடைவேளையில் முகத்தில் ஈயாடவில்லை அவனுக்கு.
"முப்பது வருஷம் கெஞ்சினப்போ கொடுக்காத கஞ்சப்பயலுங்க,
இப்ப வேணாங்கிறப்ப வாரி இறைக்கிறானுங்க."

அந்தச் செவ்வாய்க்கிழமை.
கடைசிக் காட்சி. டெலிபோன் அடிக்கும், எடுப்பான், கேட்பான்.
"சரி. கதவைத் திறந்தே வைக்கிறேன்" என்பான்.
உடனே க்யூ நாற்பத்தொன்று, இருட்டு.

எடுத்தான்.
கேட்டான்.
நின்றான.

என் முன்னால் பிரதி. என் விரல் அந்த வரியின்மேல்.
மூன்று. நான்கு.
மூன்றாம் வரிசைக்காரர் மிட்டாய்த் தாள் பிரிப்பதை நிறுத்தினார்.
ஏழு.
பவுடரைப் பிளந்துகொண்டு
வேர்வை முளைப்பது மேலிருந்து எனக்கு மட்டும் தெரிந்தது.
இது வேஷமில்லை. வரி மறந்துவிட்டது.
பதினொன்று.
டெலிபோனைக் கீழே வைத்தான், தூங்கும் குழந்தையை வைப்பதுபோல.
"சரி" என்றான். அவ்வளவுதான்.
நான் இருட்டைப் போட்டேன்.

வெளியே கைதட்டல், தகரத்தில் ஆலங்கட்டி விழுவதுபோல்.
உள்ளே என் கையைப் பிடித்துக்கொண்டான்,
ஐஸ் உடைத்த காலத்துச் சில்லிப்பு அதில்.
"செத்துட்டேன், டோரீன்."

அந்த மௌனத்தைப் பத்திரிகைக்காரன் அரைப்பத்தி புகழ்ந்திருந்தான்.
புதன்கிழமை சீக்கிரமே வந்து கேட்டான்:
"எத்தனை நொடி?"
"பதினொன்று."
"எண்ணிச் சொல்லு."
எண்ணினேன். பழகினோம்.
அன்றிரவு சரியாகப் பதினொன்று நின்றான்.
நல்ல நடிப்புதான்.
பவுடர் கரையவில்லை.
வியாழன் ஒன்பது. சனிக்கிழமை பதினான்குக்கு ஆசைப்பட்டான்,
பால்கனியில் யாரோ இருமினார்கள்.

நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது.
அவன் மகள் குவெண்டா, சாம்பலைக் கரைத்த மறுநாள்,
"உங்க பேர் இருக்கு" என்று கொடுத்துவிட்டுப் போனாள்.
செவ்வாய். கிரிம்ஸ்பி. கறுப்பு ஷூ.
சிரிப்பு: பூஜ்யம்.
ஒரு சிலுவை போட்டு, அதை அடித்து,
மறுபடி போட்டிருக்கிறான்.
அடியில் பென்சிலில்:
டோரீனுக்கு ஒரு பை பாக்கி.