இருநூற்று நாற்பத்தெட்டாவது எழுத்து

ராயக்கோட்டையில் விடியற்காலை நாலரைக்கு
எண்ணூறு கைப்பேசிகளில் தக்காளி விலை சொல்லும் குரல்
யாருடையதும் இல்லை.
எண்களை நான் தட்டுகிறேன், அது பேசுகிறது.
தூங்காத, இருமாத,
நடுவில் எச்சில் விழுங்காத ஒரு பெண்.

அவளுக்குப் பின்னால்
ர்ர்ர்ர் என்று ஒரு இரைச்சல்.

முதலில் ஸ்பீக்கரைச் சந்தேகித்தேன். பிறகு வயரை.
பிறகு கீழ்த்தளத்து ஐஸ் கம்பெனி கம்ப்ரஸரை.
டீ வாங்கிக் கொடுத்து, கெஞ்சி,
ஐந்து நிமிடம் அதை அணைக்க வைத்தேன்.
ஓசூர் ரோட்டில் லாரிகூட இல்லாத அந்த ஐந்து நிமிடத்தில்
அவள் வாய் திறந்தாள்:
பெட்டி நூத்தி நாப்பது. ர்ர்ர்ர்.

"மைக்கே இல்லாத பொம்பளைக்கு
எங்க கம்ப்ரஸர் எப்படிக்கா கேக்கும்?"
சலபதி கேட்டுவிட்டு
ஸ்விட்சைப் போடக் கீழே போனான்.

வாஸ்தவம்.
அறையே இல்லாதவளுக்கு ஏது மின்விசிறி?

எங்கோ ஒரு ஊரில் மணிக்கு இத்தனை என்று கூலி பேசி
எவளோ ஒருத்தி வாக்கியங்களை வாசித்திருக்கிறாள்.
விசிறியை நிறுத்தினால் வேர்க்கும்.
நிறுத்தாவிட்டால் பதிவாகும்.
அவள் வேர்க்க விரும்பவில்லை.
இயந்திரம் என்ன கண்டது?
உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம், எல்லாம் கற்று
கடைசியில் இதையும் ஓர் எழுத்தென்று
எழுதிக்கொண்டது.

அழிக்க உட்கார்ந்தேன்.
வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவில் அரை விநாடி வெட்டியெடுத்து
இதுதான் அழுக்கு, இது எங்கெங்கே இருக்கிறதோ
அங்கெல்லாம் கழி என்றேன்.
பன்னிரண்டு டெசிபல். இருபது.
கை பழகிவிட்டது. முப்பது.
கழுவிக் கவிழ்த்த பாத்திரம்போல மௌனம் பளபளத்தது.
அன்று ஒரு நாள்
என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் பாதிப்பேர்
முதல் எண்ணுக்கும் இரண்டாம் எண்ணுக்கும் நடுவில்
ஹலோ, ஹலோ என்று கத்திப் பார்த்து
லைன் கட்டாகிவிட்டதென்று வைத்துவிட்டார்கள்.
அவ்வளவு சுத்தமான அமைதியில்
எதிர்முனையில் ஆள் இருப்பதாக எவரும் நம்புவதில்லை.

மூன்றாம் நாள் உத்தனப்பள்ளி திம்மராயன் வந்தார்.
நாற்பத்திரண்டு பெட்டி.
நூத்தி எழுபது என்று காதில் விழுந்து
வண்டி ஏற்றியிருக்கிறார்.
மண்டியில் நூத்தி அறுபது.

"உம்மெஷினு நானூத்தி இருவது ரூவா முழுங்கிடுச்சும்மா.
உள்ளாற கைய வுட்டு எடுத்துக் குடு."

போட்டுக் கேட்டேன்.
நூத்தி... உபது.
அறுபதா எழுபதா, அவளுக்கே தெரியாது.
இரைச்சலைத் தின்னப் போன வடிகட்டி
றுவையும் ழுவையும்
ஒரே கடியில் தின்றிருந்தது.
ழகரம் நம் சிறப்பென்று மேடைக்கு மேடை சொல்வார்கள்.
எனக்கு அன்றைக்கு அது பெட்டிக்குப் பத்து ரூபாய்.

"பின்னால ஓடற சத்தம் உங்களுக்குத் தொந்தரவா இல்லையா?"
"எந்தச் சத்தம்?" என்றார்.
வெளியே அவர் வண்டி
அணைக்காமலே உறுமிக்கொண்டிருந்தது.

பணத்தை என் பர்ஸிலிருந்து கொடுத்தேன்.
எண்ணிப் பார்த்துவிட்டு, அறுபதுக்கு
நீயே வாயைத் தொறந்து சொல்லேன் என்று
போகிற போக்கில் கேட்டார்.
நாலரைக்கு என் தொண்டை இருக்கும் லட்சணம்
அவருக்குத் தெரியாது.

முப்பதை ஆறாக்கினேன்.
ஐந்தில் ஓடிய விசிறியை
இரண்டில் வைத்த மாதிரி.
எண்கள் வரும் இடத்தில் வடிகட்டியைத் தொடவே இல்லை.
இப்போதும் கேட்கிறது,
ஹெட்போன் மாட்டினால் எனக்கு மட்டும்.
முகம் தெரியாத அந்த அறையில் இன்னும் வெயில்காலம்.

இன்று நூத்தி அறுபத்தஞ்சு.
றுவை மூன்று முறை ஓட்டிக் கேட்டேன்.
இருக்கிறது.
அனுப்பிவிட்டேன்.