பெல்லு எங்க?

தோ பாயோ, நான்காம் மாடி, ஜன்னல் இல்லாத அறை.
முப்பது வெள்ளி பற்றுச்சீட்டு மேசைமேல்.
எதிரில் தவச்செல்வன், நாற்பத்தாறு வயது,
பேருந்து ஓட்டுநர், உட்லண்ட்ஸ் டிப்போ.
நான் எழுதிய திரையை
அவர் சத்தமாக வாசிக்க வேண்டும்.
நான் வாய் திறக்கக் கூடாது. அது விதி.

"தங்களது உடல்நலத் தரவுகளை
மூன்றாம் தரப்பினருடன் பகிர்வதற்கு…"
நிறுத்தினார்.
"மொத ரெண்டு பேரு யாரு?"

குறித்துக்கொண்டேன்.
பன்னிரண்டு நாள் உட்கார்ந்து எழுதியது,
சட்டப் பிரிவு மூன்று முறை திருத்தியது,
எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

அதன்பின் அவர் வாசிக்கவில்லை. கட்டைவிரலால்
பத்தி பத்தியாகத் தள்ளிக்கொண்டே போனார்,
ஆள் நிற்காத நிறுத்தங்களைக் கடப்பதுபோல.
அடியில் நீலப் பொத்தான்: ஒப்புக்கொள்கிறேன்.
அழுத்திவிட்டார்.

என்ன புரிந்தது என்று கேட்க மட்டும் எனக்கு அனுமதி.
"அழுத்துனாத்தான் அடுத்த பக்கம் வரும்."

ஒப்புதலுக்குள்ளே
'ஒப்புக்கு' ஒளிந்திருப்பதை
அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பேனாவை மூடியதும் குரலைத் தாழ்த்தினார்.
"என் சுகர் நம்பரு டிப்போவுக்குப் போவுமா?
வேணாம்னு சொன்னா மருந்த நிப்பாட்டிருவாங்களா?
இன்னைக்குச் சரின்னுட்டு
அடுத்த மாசம் மனசு மாறுனா?
பஸ்ஸுல பெல் இருக்கு. யார் அழுத்துனாலும்
நான் நிறுத்தித்தான் ஆவணும்.
இதுல பெல்லு எங்க?"

இருந்தது. பதினோரு திரைகளில் ஒன்பதாவதில்,
சாம்பல் எழுத்தில்,
'இசைவு மீளப்பெறும் வழிமுறைகள்' என்ற பெயரில்.

பற்றுச்சீட்டு பெற்றதற்கான தாளை நீட்டினேன்.
நான்கே வரி.
கண்ணாடியை எடுத்து மாட்டி
இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அன்றிரவு மாற்றி எழுதினேன்.

உங்கள் மருத்துவர் இதைப் பார்ப்பார்.
ஆய்வு செய்பவர்கள் பார்ப்பார்கள், உங்கள் பெயர் இல்லாமல்.
உங்கள் முதலாளி பார்க்க மாட்டார்.
வேண்டாம் என்றாலும் மருந்து உண்டு.
எப்போது வேண்டுமானாலும் இறங்கிக்கொள்ளலாம்.

"பொத்தானுக்குள் எழுத்து அடங்கவில்லை" என்றார் வடிவமைப்பாளர்.
அது பரவாயில்லை, எழுத்தைச் சிறிதாக்கலாம்.

சட்டப் பிரிவு மூன்றாம் வரியில் நின்றுவிட்டது.
'மாட்டார்' என்று யாரைக் கேட்டு எழுதினாய்?

பழைய வாக்கியத்தில்
இந்தக் கேள்வி எழவே இல்லை.
அது அவ்வளவு நீளமாக இருந்தது.

இரண்டு வாரமாகிறது.
கோப்பில் அந்த ஒரு வரி மட்டும்
மஞ்சள் பூசிக் கிடக்கிறது.